சமவுயரக் கோடு இல்லாத தீவு

03.06.2025, செவ்வாய்

இன்றும் இவருடைய சேட்டைத் தனியாகத்தான் துவைத்தேன். மூன்று வாளித் தண்ணீர். மூன்றாவது வாளியிலும் அந்த மருந்து மணம் இருந்தது. டினோஜாவின் கழுத்தில் சிவப்பு இன்னும் போகவில்லை. தகப்பன் வேலையால் வந்ததும் ஓடிப்போய்த் தோளில் தொங்குகிறாள். குளிக்குமட்டும் தொடாதே என்றால் மூன்று வயதுக்கு விளங்குமா?

ஓலைத்தொடுவாய்ப் பக்கம் கடற்கரையில் கட்டுகிற விடுதியில்தான் என் மனுசன் மில்ரனுக்கு வேலை. தச்சர்கள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவருக்குக் கிடைத்தது பூச்சு. ஒன்பது குடில்கள், மணலுக்கு மேலால் கடல்வரை போகிற பலகைப் பாதை, இரண்டு பக்கமும் கைபிடி. எல்லாம் வெளியில் நிற்கிற மரம். வெயிலும் உப்பும் தின்னாமல் இருக்க முதலில் கறையான் மருந்து, பிறகு எண்ணெய். மருந்து பச்சை நிறம். கையுறை கொடுத்தார்களாம். இரண்டாம் நாளே கிழிந்துவிட்டதாம்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மருந்து எழுதித் தாறன். ஆனா நீர் அந்த வேலையை விடாட்டி நான் எழுதுறதில ஒரு பிரயோசனமும் இல்லை."

இவர், "ஓம் டொக்டர்" என்றார். அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போனார்.

04.06.2025

எத்தனை தரம் இருமுகிறார் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். எண்ணக் கூடாது. எண்ணினால் பிறகு விடியாது.

08.06.2025, ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். இன்று பூசை முடிந்து வர, பைறூஸ் நானா வட்டிலப்பச் சட்டியோடு வாசலில் நிற்கிறார். ரவுணில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். சட்டியை என்னிடம் தந்துவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், கொழும்புக் கொம்பனி ஒண்டு. வெள்ளைக்காரரைச் சைக்கிளில வடக்கிலயிருந்து மலைநாடுமட்டும் கூட்டிக்கொண்டு போறாங்கள். வழி காட்டத் தமிழ் தெரிஞ்ச ஓட்டக்காரன் வேணுமாம். நிரந்தர வேலை."

"என்ர இங்கிலீசைக் கேட்டா வெள்ளைக்காரன் வந்த வழியால ஓடிடுவான்."

"அதுக்குத்தானே வீட்டில ஒரு பீ.ஏ. வச்சிருக்கிறாய்."

இவர் முந்திச் சைக்கிள் ஓடினவர்தான். கோயில் திருநாளுக்கு வைக்கிற தலைமன்னார் ஓட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து முதலாமிடம். கலியாணத்துக்குப் பிறகு சைக்கிள் வேலைக்குப் போகவும் மீன் வாங்கவும்தான்.

நானா கொண்டுவந்த சோதனை அறிவித்தலை நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆகஸ்ட் 23, சனி. கண்டிக்கு அங்கால் ஒரு மலைவீதி. பதினாலு கிலோமீற்றர் ஏறி, அதே வழியால் திரும்பி வர வேண்டும்.

இது கிடைத்தால் இவர் அந்த மருந்து டின்னை இனித் தொடத் தேவையில்லை. எனக்கு அது மட்டும்தான் கேட்டது. வெள்ளைக்காரர், கொழும்பு, யூனிபோம் எல்லாம் காதுக்கு வெளியில் நின்றுவிட்டன. இந்த மனுசன் மூச்சு விடுவார். என்ர பிள்ளைக்குத் தகப்பன் இருப்பார்.

09.06.2025

கம்பஸில் படிக்கும்போது வைத்திருந்த நிலப்படங்களை அலுமாரியின் அடியிலிருந்து எடுத்தேன். நான்கு வருடம் புவியியல் படித்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு உபயோகம். அந்த மலைவீதி வருகிற படத்தில் சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நெருக்கம். எண்ணினேன். 910 மீற்றர் உயரம். படித்திறன் பதினைந்துக்கு ஒன்று. இரண்டு இடத்தில் எட்டுக்கு ஒன்று.

பிறகு எங்கள் மன்னார்த் தீவின் படத்தை விரித்தேன். வெள்ளை. ஒரு கோடு இல்லை.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட ஊருக்குக் கோடு போட மறந்திட்டாங்கள்" என்றார். சிரித்து, சிரிப்பு இருமலாகி, வெளியில் எழும்பிப் போனார்.

மேடே இல்லாத ஊரில் மலை ஏறப் பழகுவது எப்படி? பழைய கொப்பி ஒன்றில் திட்டம் எழுதினேன். பின்னேரங்களில் பெருநிலத்துக்குப் போகிற பாலத்தில் எதிர்க்காற்று. கரியரில் மணல் மூட்டை, கிழமைக்குக் கிழமை கூட்டிக் கூட்டி. ஞாயிறுகளில் நானாட்டான் பக்கம் குளக்கட்டு. கட்டு ஆறு மீற்றர் உயரம் என்று வைத்தால் நூற்றைம்பத்திரண்டு தரம் ஏறினால் ஒரு மலை.

17.06.2025, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. காலை ஒன்பதரைக்குள் பூச்சை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு காற்று கிளம்பி ஈரப் பலகையில் மணலை ஒட்டிவிடும். திரும்பச் சுரண்ட வேண்டும். பலகையை முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுக்காவிட்டால் பூச்சு ஒரு மாதத்தில் தோல் மாதிரி உரியுமாம். வாள் அறுத்த முனையில்தான் மரம் கூடக் குடிக்குமாம், அங்கே மூன்று தரம். இவர் இதைச் சொல்கிற விதம், பிள்ளைக்குச் சோறு தீத்துவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி. வேலையை வெறுக்கிற ஆள் என்றால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் அதே காற்று எங்களுக்கு மலை. பாலத்தின் தொடக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இவர் தலையைக் குனிந்து, நடக்கிற வேகத்தில் போகிறார். பஸ்ஸில் போன யாரோ எட்டிப் பார்த்துக் கத்தினார்கள்: "அண்ணை, சைக்கிளை இறங்கி உருட்டுங்கோ, கெதியாப் போகலாம்."

திரும்பி வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். பெடலைக்கூட மிதிப்பதில்லை. மணலுக்குள் விட்டால் தானாக நிற்கும்.

29.06.2025, ஞாயிறு

குளக்கட்டில் நாற்பத்தொரு தரம். வயலுக்கு வந்த ஐயா ஒருவர் தோளில் மண்வெட்டியோடு நின்று பார்த்தார்.

"பிள்ளை, உன்ர மனுசன் என்ன துலைச்சவர், மேலயும் கீழயும் தேடுறார்?"

"மலை ஏறப் பழகுறார் ஐயா."

"அதுக்கு மலைக்கெல்லோ போகவேணும்."

உண்மைதான். போக வழி இருந்தால் போகமாட்டோமா?

ஆனால் மணல் மூட்டையோடு நாற்பத்தொன்று. கொப்பியில் எழுதினேன். டினோஜாவும் எண்ணினாள். ஒன்று, ரெண்டு, மூண்டு, ஏழு, ஏழு, ஏழு.

13.07.2025, ஞாயிறு

சண்டை. விடுதி மனேச்சர் பலகைப் பாதைக்கு அடிப்பக்கமும் மருந்து அடிக்கச் சொல்லிவிட்டாராம். கீழே குனிந்து படுத்துக்கொண்டு மேலே பார்த்துப் பூச வேண்டும். சொட்டுகிறது எல்லாம் முகத்தில். நேற்று வேலையால் வந்தவருக்குக் கண் இரண்டும் இன்னும் வீக்கம். இண்டைக்குக் குளக்கட்டு இல்லை, படுங்கோ எண்டன். கேக்கேல்ல. போனார். எட்டாவது ஏற்றத்தில் குளக்கட்டிலேயே இருந்துவிட்டார். மூச்சு வரும்போது விசில் அடிக்கிற சத்தம்.

"உந்த வேலையை நாளைக்கே விடுங்கோ."

"விட்டிட்டு?"

விட்டிட்டு எண்டா என்ன சொல்லுறது. எனக்கு ஆசிரியர் நியமனம் வரும் வரும் எண்டு நாலு வருசம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். தாமரை இலை. அவ்வளவுதான் ஞாபகம்.

14.07.2025

வேலைக்குப் போனார்.

27.07.2025, ஞாயிறு

நூற்றிரண்டு தரம். இருபது கிலோ மணல். கீழே வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு இவர் சிரித்தார், பல் எல்லாம் தூசி. எனக்குப் பயமாக இருந்தது. இப்படிச் சந்தோசப்பட்டால் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்கிற மாதிரி.

15.08.2025, வெள்ளி

மடுத் திருவிழா. ஊரே போனது. நாங்கள் போகவில்லை. இன்னும் எட்டு நாள்; கூட்டத்துக்குள் காய்ச்சல் ஒன்று பிடித்தால்? வீட்டிலிருந்தே மாதாவிடம் கேட்டேன். அப்படிக் கேட்டால் கணக்கில் சேருமோ தெரியாது.

21.08.2025, வியாழன்

இரவு புறப்படுகிறார். கண்டிக்கு மீன் ஏற்றுகிற கூலர் லொறியில், சாரதிக்குப் பக்கத்தில். சைக்கிள் பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில். வழி முழுக்க ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் அதன்மேல் ஊற்றும். இங்கே ஒரு இரும்பை ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் கறள் தின்றுவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; மண்ணெண்ணெயோ கழிவு ஒயிலோ பூசாத சைக்கிள் இந்தத் தெருவில் இல்லை.

அதனால் நேற்றுக் காலை இவர் போன பிறகு நான் வேலை செய்தேன். வீட்டில் மிஞ்சிக் கிடந்த மரத்தெண்ணெய் டின்னை எடுத்தேன். இது பட்ட இடத்தில் தண்ணீர் நிற்காது என்று இவர் அடிக்கடி சொல்வார். பழைய பெனியன் துண்டால் சட்டம், கம்பிகள், சில்லுகளின் றிம் இரண்டும், ஒன்றும் விடாமல். காயவிட்டு இன்னொரு பூச்சு, மரத்துக்குச் செய்கிற மாதிரியே. பைறூஸ் நானா போட்டுத் தந்த புதுச் செயினும் கியரும் மினுங்கின. இந்த மூன்று மாதத்தில் எழுதுவதும் எண்ணுவதும் தவிர இந்த ஓட்டத்துக்காக நான் கையால் செய்தது இது ஒன்றுதான்.

"கலியாணப் பொம்பிளை மாதிரியெல்லோ நிக்குது" என்றார் இவர், வேலையால் வந்து பார்த்துவிட்டு.

23.08.2025, சனி

10.42க்கு மெசேஜ். "ஏறிட்டன். ரெண்டாவதா வந்தனான். பதினொரு பேர்."

பிள்ளையைத் தூக்கிச் சுற்றினேன். றிஸானா ராத்தாவிடம் ஓடினேன், பைறூஸ் நானாவின் மனைவி. அவர் கடைக்குக் கோல் எடுத்து, அங்கே நானா கத்தினது எனக்குக் கேட்டது. கொப்பியை எடுத்து முழுக்க ஒருமுறை வாசித்தேன்.

ஒரு மணி. இரண்டு மணி. போன் ஓஃப்.

ஐந்தரைக்கு: "சரி வரேல்ல. வாறன்."

25.08.2025, திங்கள்

வந்தார். காயம் இல்லை. முதல் அதைத்தான் பார்த்தேன்.

இறங்கும்போது பயந்துவிட்டாராம். மேலேயிருந்து பார்த்தால் வீதி காலுக்குக் கீழ் விழுகிறதாம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றும் இல்லை. இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தாராம். பதினாலு கிலோமீற்றரும். மற்றவர்கள் அரை மணித்தியாலத்தில் கீழே. இவர் வந்து சேர மூன்று மணித்தியாலம். கொம்பனிக்காரர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துத் தட்டிவிட்டு, நல்லா ஏறினீங்கள், ஆனால் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் இறங்கவும் வேண்டுமே என்றார்களாம்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி, உயிரோட வந்தீங்கள், சாப்பிடுங்கோ.

நான் சொன்னது: "பிள்ளைக்குத் தகப்பன் வேணுமெண்டு நினைச்சிருந்தா ஓடி இறங்கியிருப்பீங்கள்."

சொன்னன். எழுதியும் வைக்கிறன். மறக்கக்கூடாது.

அவர் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் குளித்தார்.

27.08.2025

விடுதிக்குப் போனார். கைபிடிகள் இரண்டும் இன்னும் பூசவில்லையாம்.

30.08.2025, சனி

இவர் பைறூஸ் நானாவிடம் சைக்கிளைக் கொடுத்து யாருக்காவது விற்கச் சொல்லியிருக்கிறார். நான் பிள்ளையின் முச்சக்கர சைக்கிளுக்கு ஒரு ஆணிச் சுரை வாங்கப் போனேன். நானா பின் சில்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நகத்தால் றிம்மைச் சுரண்டி மணந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு எண்ணெய் பூசினது ஆர்?"

"நான்தான் நானா. உப்புத் தண்ணிக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பிறேக் பிடிக்கிறது இந்த இடத்திலதானே அம்மா."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அவர் ஒரு சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார். இவர் சைக்கிளோடு சேர்த்து விட்டுப்போயிருக்கிறார். இடது கால். அடி முழுக்கத் தேய்ந்து, துணி தெரிகிறது. பிறேக் பிடிக்காமல் காலை ஊன்றி ஊன்றி இரண்டு வளைவு வந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் நடந்திருக்கிறார்.

"நானும்தான்," என்றார் நானா. "செயின் மாத்தினன், கியர் மாத்தினன். பிறேக் கட்டை பாக்கேல்ல. மன்னாரில ஆர் தங்கச்சி பிறேக் சரியில்லையெண்டு கடைக்கு வாறது?"

சுரையை வாங்காமல் வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கொப்பியில் ஏற்றம், ஏற்றம், ஏற்றம். 910 மீற்றர் ஏறினால் 910 மீற்றர் இறங்க வேண்டும். இது கணக்கா? இதுக்கு ஒரு பட்டம் வேணுமா? அறிவித்தலில் இருந்தது. நானே வாசிச்சனான். நானே இந்த டயறியில எழுதியும் இருக்கிறன், ஜூன் எட்டாம் திகதி.

அவருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பயந்திட்டன் எண்டு சொன்னவர்.

01.09.2025, திங்கள்

கொம்பனிக்குக் கோல் எடுத்தேன். ஒரு பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயப்படேல்ல, நான்தான் எண்ணெய் பூசினனான், பிறேக் பிடிக்காமல் செய்தது நான், ஒருக்கா திரும்ப ஓடவிட்டுப் பாருங்கோ. அழக்கூடாது என்று நினைத்து வைத்திருந்தேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கு விளங்குது. ஆனா ஓட முதல் சைக்கிளைச் சரிபாக்கிறதும் சோதனையில ஒரு பகுதிதான். வெள்ளைக்காரரிட உயிரெல்லோ. ஆளும் எடுத்திட்டினம்."

சரியான பதில்தான். என்னால் அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. இதுவரைக்கும் தட்டுவதற்கு ஒரு கதவாவது மிச்சம் என்று இருந்தேன். இப்போது உண்மையைச் சொல்லியும் முடிந்துவிட்டது.

03.09.2025, புதன்

இவரிடம் சொன்னேன். வாசலில் இருந்து கையில் ஒட்டின பச்சையை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். முதல் வளைவில றிம் சூடாக அந்த மணம் வந்தது. சேட்டால துடைச்சன், மண் போட்டுத் தேய்ச்சன், போகேல்ல. நல்லாப் பூசியிருக்கிறாய். என்ர வேலையாள் எண்டா சம்பளம் கூட்டியிருப்பன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா மலை தட்டையாகுமோ?"

"நான் உங்களுக்குச் சொன்ன சொல்லு…"

"அதை விடு." துணியைத் திருப்பி மற்றக் கையைத் துடைத்தார். "ரெண்டாவது வளைவில சைக்கிள் நிக்காமப் போகேக்க எனக்குப் பிள்ளையின்ர முகம்தான் வந்தது. அதான் இறங்கினனான். அதைப் பயமெண்டு சொன்னாலும் பிழையில்லை."

பிறகு இருமல் வந்தது. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தெரிந்தது. மன்னித்துவிட்டார் என்று எனக்கு ஆறுதல் வர வேண்டும். வரவில்லை. மன்னிப்பால் நெஞ்சுக்குள் இருக்கிறது இளகுமா?

07.09.2025, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். வேலையை விட முடியாது. வேறு வேலை இல்லை. கைபிடிகள் ஒவ்வொன்றும் நூற்றுப்பத்து மீற்றர். ஒரு ஆள் செய்தால் ஒரு மாதம். இரண்டு ஆள் செய்தால்?

09.09.2025

மனேச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி கம்பஸ் படிச்சதெண்டெல்லோ மில்ரன் சொன்னவர்."

"ஓம். தூரிகை பிடிக்கத் தெரியும்."

நானும் பூச வருகிறேன் என்றதிலிருந்து இவர் என்னோடு இரண்டு நாளாகக் கதைக்கவில்லை.

16.09.2025, செவ்வாய்

இன்றைக்கு ஐந்தாம் நாள். டினோஜா றிஸானா ராத்தா வீட்டில். விட்டுவிட்டு வரும்போது அழுவதில்லை, அது ஒன்று. பைறூஸ் நானா பெயின்ற் அடிக்கிறவர்களிடம் இரண்டு முகமூடி வாங்கித் தந்தார். வெக்கைக்கு அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது. கழற்றி, போட்டு, கழற்றி.

பாதைக்கு இரண்டு பக்கம் கைபிடி. இவர் ஒன்று, நான் ஒன்று, நேருக்கு நேர், கடலைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறோம். காலையில் லேசாக வீசுகிற காற்றும் ஒரு பக்கத்தால்தான் வரும். காற்று வருகிற பக்கம் நிற்கிறவருக்குத் தன்னுடைய மணமும் படாது, மற்றவருடையதும் படாது. எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்கு இரண்டும் முகத்தில்.

முதல் மூன்று நாளும் நான் போகும்போது இவர் எதிர்ப்பக்கத்தில் டின்னைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பக்கம் மாறுங்கோ என்றேன், காது கேட்காத மாதிரிப் பூசினார். நேற்று அவர் தண்ணீர் அள்ளப் போன நேரம் நான் போய் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வந்து பார்த்தார். தூரிகையை டின்னில் தோய்த்தார், வழித்தார், மறுபக்கம் போனார். நேற்று வீட்டுக்கு வரும் வழியில் அவர் இருமினது குறைவு.

இன்றைக்கு எனக்கு முந்தியே எழும்பிப் போய் அந்தப் பக்கத்தைப் பிடித்துவிட்டார்.

நாளைக்கு நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.